ஒரு வாரத்துப் பிடி அரிசி

இன்று காலை மருமகள் பரணைச் சுத்தம் செய்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பரணில் ஏறிவிட்டாள். "அத்தே, இந்தத் துருப்பிடிச்ச டப்பா வேணுமா, தூக்கிப் போட்டுடவா?" என்று மேலிருந்தே கேட்டாள். வாங்கி மூடியைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசனை லேசாக எழுந்தது. டப்பாவின் மேலே நீ வெள்ளைப் பெயின்டில் போட்ட சிலுவை இன்னும் இருக்கிறது, அதே சாய்வோடு.

"சிலுவையைக்கூட நேராப் போடத் தெரியலையேட்டி" என்று அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேன். "அவரும் தலைய சாச்சிகினுதானக்கா உயிர உட்டாரு" என்றாய். உனக்கு எதற்குத்தான் பதில் இல்லை!

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு ஆவடிக்கு வந்தவள். அவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ், பின்னால் ஒரு முருங்கை மரம். உன் புருஷன் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் கூட்ஸ் வண்டிகளுக்கு மூட்டை தூக்கினார். சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடும்பம் நடத்தினாய். என்னைவிட இரண்டு வயது சின்னவள் நீ. கோயிலில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்துதான் பழக்கமானோம்.

பிடி அரிசி வாங்குகிற வேலையைச் சபையில் உன்னிடம் விட்டிருந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை நீ பையோடு வீடு வீடாக வருவாய். சேர்ந்த அரிசி பிள்ளைகள் விடுதிக்குப் போகும், கஷ்டப்படுகிற வீடுகளுக்கும் போகும்.

நான் செய்ததை இப்போதாவது முழுசாக எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பொங்கியது பொன்னி அரிசி. இட்லிக்கு ஊறப்போட ரேஷன் அரிசி ஒரு மூட்டையில் கிடக்கும். தடித்துச் சிவந்து, ஒரு மாதிரி வாடை அடிக்கும். வாரம் முழுக்க டப்பாவைத் தொடமாட்டேன். சனிக்கிழமை தெருமுனையில் "யக்கோவ், பிடி அரிசி!" என்று உன் குரல் கேட்டதும் உள்ளே ஓடி, அந்த மூட்டையிலிருந்து ஒரு வாரத்துப் பிடியையும் ஒரே அள்ளாக அள்ளிப் போட்டு மூடிக் கொண்டுவந்து நீட்டுவேன். நீ வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு, "தோஸ்திரம்கா" என்று போய்விடுவாய்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆளாளுக்கு விண்ணப்பம் சொல்வோம். ஒருத்திக்கு மனை வேண்டும், ஒருத்தியின் தம்பிக்கு வெளிநாட்டு விசா வேண்டும். என் விண்ணப்பம் எல்லோருக்கும் மனப்பாடம்: அவர் சொந்தமாக லேத் பட்டறை வைக்க வேண்டும், எங்களுக்கு மாடி வீடு வேண்டும். உன் முறை வந்தால், "காலைல கொயால தண்ணி வந்திச்சி, ஆண்டவருக்கு நன்றி. எங்க ஊட்டாளுக்கு முதுகுவலி தேவல, நன்றி" என்று முடித்துவிடுவாய். "கேட்கத் தெரியாத ஜென்மம்" என்று வீட்டுக்கு வந்து அவரிடம் சிரித்திருக்கிறேன்.

நான் கேட்டது கிடைத்தது. நச்சரித்து நச்சரித்து அவரை வேலையை விட வைத்தேன். "சர்க்கார் உத்தியோகம், யோசிச்சுக்கோ" என்று அவர் நூறு தடவை சொன்னார். அம்பத்தூரில் ஒரு கூட்டாளியோடு பட்டறை போட்டார். ஒன்றரை வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மெஷினும் இல்லை, கூட்டாளியும் இல்லை. குவார்ட்டர்ஸை ஏற்கெனவே காலி செய்திருந்தோம். நெமிலிச்சேரியில் ஒரே ஒரு அறைக்குப் போனோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எந்த முகத்தோடு அந்தப் பாயில் உட்காருவது?

ஒரு சனிக்கிழமை வாசலில் உன் குரல். "யக்கோவ், ஊட்லதான் கீறியா? எத்தினி நாளா தேடிகினு கீறேன் உன்னிய!" பையை இறக்கி வைத்தாய். பிடி அரிசி. இத்தனை நாளும் வாங்கிக்கொண்டு போன கை, அன்று கொடுக்க வந்திருந்தது.

நீ அடுப்பைப் பற்றவைக்க, நான் முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தேன். நாற்பது வீட்டு அரிசி ஒன்றாகக் கிடந்தது. பொன்னி, பச்சரிசி, புழுங்கல், நடுநடுவே தடித்த சிவப்பு அரிசி. நான் போட்டதும் இப்படித்தானே யார் வீட்டு முறத்திலோ கிடந்திருக்கும் என்று தோன்றியதும் விரல் ஓடவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினேன். ரேஷன் மூட்டை, ஒரே அள்ளு, எல்லாம்.

நீ ஊதுகுழலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தெரியும்கா. எங்க ஊட்ல துன்றதே அந்த அரிசிதான், எனக்குத் தெரியாதா? நானும் அதத்தான் போட்டேன். நான் துன்றத போட்டேன், நீ துன்னாதத போட்ட. அவ்ளோதான்." ஆறுதல் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன், நீ உள்ளதைச் சொன்னாய். சொல்லிவிட்டு, "இன்னாத்துக்கு அய்வுற? ஒல கொதிக்குது பாரு, அரிசிய களைஞ்சி போடு" என்றாய்.

அந்தச் சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடந்தது. பல வீட்டு அரிசி ஒரே பதத்தில் வேகுமா? மேலே உன் கருவாட்டுக் குழம்பு. கை வைக்கப் போனவளைத் தடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். "அப்பா, சோறு கீது, கொயம்பு கீது, கூட குந்தி துன்ன யக்கா கீது. போதும்பா. ஆமென்."

போதும் என்று ஆண்டவரிடம் நான் அதுவரை சொன்னதே இல்லையடி. வேண்டும் என்பதை மட்டும் முழங்கால் தேயச் சொல்லியிருந்தேன். வேகாத அரிசி பல்லில் நறநறக்க, அன்றைக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது. மறுநாள் உன்னோடு கோயிலுக்கு வந்தேன்.

அவர் வேறொருவர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் கழித்து, கூட்டுச் சேரலாம் என்று இன்னொருவர் வந்து ஆசை காட்டினார். "வேண்டாங்க, நமக்கு இது போதும்" என்றேன். "நீயா பேசுறே?" என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஓடி வந்து உன்னிடம் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரையை விட்டு இறங்கி ஓடின.

மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த முதல் சனிக்கிழமை உன் புருஷன் உன் டப்பாவை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். "அவ போட்டு வெச்சது, கொடுத்துடணும்ல" என்றார். அதே தடித்த சிவப்பு அரிசி, படுக்கையில் விழுந்த நாள் வரைக்குமான பிடிகள். அன்று முதல் உன் பை என் தோளில். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது பை தூக்கத் தெம்பில்லை, வேறு பெண்கள் வருகிறார்கள். துருவேறியதால், நீ சிலுவை போட்ட என் டப்பாவைப் பரணில் வைத்துவிட்டு எவர்சில்வர் தூக்குக்கு மாறினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மகன் பிரியாணி கேட்டான். மருமகள் பாசுமதி அளந்துகொண்டிருந்தபோது நான் அதில் கை விட்டு ஒரு பிடி அள்ளினேன்.

"அத்தே, அது பிரியாணி அரிசி! பிடி அரிசிக்கு அந்த ரேஷன் மூட்டையிலேர்ந்து எடுங்களேன்" என்றாள்.

"இன்னைக்கு நாம சாப்பிடுறது இதுதானேம்மா" என்றேன்.