பத்து நாள் அங்கே, நாலு நாள் இங்கே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான், மருமகள், குட்டி மூவரும் நலம். நீயும் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன், காரணம் ஒன்றுமில்லை, உட்கார முடியவில்லை.

குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அதை நீ வந்து பார்க்க வேண்டாம், பத்து நாள் டூட்டி முடித்துப் போன தடவை வந்த நாலு நாளில் ஒரு நாள் அந்தக் குழாயோடும் ஒரு நாள் தூக்கத்தோடும் போயிற்று. தட்டில் கை வைத்தபடியே தூங்கினாய், குட்டி இருமியதும் திடுக்கிட்டு விழித்து, ஆஸ்பத்திரி என்று நினைத்து, எந்தப் பெட் என்று கேட்டாய். நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போன மருமகள் வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் குட்டி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விருந்தாளியிடம் கேட்பது போல, நீங்க எப்போ கிளம்புறீங்கன்னு கேட்டாளே, அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகமில்லை. முகம் கழுவ எழுந்து போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய செவ்வாய்க்கிழமை விமானம் மழையில் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று பிறகு சர்வசாதாரணமாகச் சொன்னாய். இங்கே காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை உன் போன் அணைந்தே கிடந்தது. உன் தீக்காய வார்டுக்குப் போன் போட்டால், அவர் இன்னும் வரலையேம்மா, ரெண்டு கேஸ் வந்திருக்கு, நாங்களும் அவருக்காகத்தான் காத்திருக்கோம் என்றார் ஹெட் நர்ஸ். மருமகள் அணைத்த அடுப்பையே மூன்று தடவை போய் அணைத்தாள். நான் மடித்த துணியையே உதறி உதறி மடித்தேன். அப்போதுதான் அவள் வாய்விட்டாள். அத்தை, அவர் அங்கேயும் இல்ல, இங்கேயும் இல்ல, நடுவுலயே இருக்காரு, நானும் பாப்பாவும் அங்கேயே வந்துடறோம்னு ஒரு வருஷமா சொல்றேன், அம்மா தனியா இருந்துக்க மாட்டாங்க, அவங்க காதுல இதைப் போடாதேன்னுட்டாரு என்றாள். சொன்னதும் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பா போன பிறகு இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றது உண்மை, உங்களைப் போகாதீர்கள் என்று நான் எப்போது சொன்னேன். வாயால் சொல்லவில்லை. ஆனால் நீ பெட்டியை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே, அது சொன்னதற்கும் மேல். அதில் பாதி நடிப்பு கண்ணா. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும், நீ நர்ஸ். ஒவ்வொரு தடவையும் நாடி பார்த்துவிட்டு என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தானே போனாய்.

தனியாக இருக்கத் தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அது வரட்டும் என்று காத்திருந்தால் குட்டி பள்ளிக்கூடமே முடித்துவிடுவாள். மாடிவீட்டு டெய்லரம்மாவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன், காலை எட்டு மணிக்குள் என் கதவு திறக்காவிட்டால் வந்து பார்ப்பாள். மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல். பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தேன், எதுக்கு அத்தை என்றாள், பூச்சி என்றேன்.

உன் கை பட்ட காயமெல்லாம் ஆற வேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அடுத்த தடவை வரும்போது திரும்பிப் போக ஒரு டிக்கெட் போடாதே, மூன்று போடு.

இப்படிக்கு,
உன் அம்மா