டீயோடு ஆளுக்கு ஒன்று

அக். 6, திங்கள்

விடியும்போதே தூறல். ஆறரைக்கு மருந்துக்கடை திறந்தேன்.

இன்று வலிக்காக வந்தவர்கள்: மினிபஸ் டிரைவர் (கழுத்து). டீச்சர் (முட்டி). வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவன், என் வயது, இருபத்தாறு (முதுகு). நடவுப் பெண்கள், மூன்று செட்டு (இடுப்பு). யாரிடமும் டாக்டர் சீட்டு இல்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவின் செட்டில் பன்னிரண்டு பேர். அவர்களுக்கான பொட்டலத்தை அம்மாவிடம் வீட்டிலேயே கொடுத்துவிடுவேன். வரப்பில் டீயோடு ஆளுக்கு ஒரு மாத்திரை, அப்புறந்தான் சேற்றில் கால். இரண்டு வருஷமாக.

அம்மாவுக்குக் கால் வீக்கம். அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

"சேத்துல நின்னா வீங்காம என்னடி செய்யும்."

அக். 8, புதன்

தஞ்சாவூர், ஆஸ்பத்திரி. ரத்தம், சிறுநீர், ஸ்கேன். எல்லாவற்றுக்கும் வரிசை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் போய்விட்டது.

"வலி மாத்திரை போடுவீங்களா?"

"வேலைக்குப் போற அன்னிக்கு மட்டுந்தாங்க."

"எப்பெப்ப போவீங்க?"

"தெனமும்."

"யாரு குடுத்தா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில."

இனி ஒன்றுகூடக் கூடாது. மீறினால் டயாலிசிஸ். வயலுக்கும் போகக்கூடாது.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி. மூன்று பாலத்தையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

"நீ தெரிஞ்சா குடுத்த? வுடு."

தெரியும். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பஜ்ஜி மடித்த தாளைக்கூடப் படிக்காமல் எறியாதவள் நான்.

அக். 9, வியாழன்

வெயில். கடைக்கு லீவு.

மாத்திரை போடாத அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன். பாயிலிருந்து எழ ஐந்து நிமிஷம். முதலில் ஒருக்களிப்பு. பிறகு முழங்கை. பிறகு என்னைக் கூப்பிடுகிறாள்.

வாங்க வேண்டியது: கல் உப்பு, வெந்நீர்ப் பை.

வலியைப் பற்றி எவ்வளவோ படித்து அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் மனசு வலி. இடுப்புக்கென்று ஒரு வரி இல்லை.

மாத்திரையும் கூடாது, வயலும் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாள்.

"இந்த இடுப்ப வச்சிக்கிட்டு எங்கடி போகப்போறேன்."

அக். 11, சனி

மேகம். கிளம்பும்போது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று எழுப்பவில்லை.

எட்டு மணிக்குச் செல்வி அக்கா. அம்மா செட்டு. முழங்கால்வரை சேறு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பாப்பா, வழக்கமா குடுக்குறத குடு. பாதிப் பேரு மாத்திர போடாமயே எறங்கிட்டாங்க."

"சீட்டு இல்லாம இனிமே கிடையாதுக்கா. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"தெரியும். நீ ஒரு நாள் குனிஞ்சு நட்டுப் பாரு, அப்புறம் சீட்டு கேளு."

"எத்தன பேரு இன்னிக்கு?"

"பன்னெண்டு."

"அம்மா இல்லாம பதினொண்ணுதானே?"

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். செல்வி அக்காவின் பைக்குள் அடித்தது. சேற்றில் இறங்குமுன் எல்லோரும் போனைப் போட்டுவைக்கும் பை.