ரேடியோ இல்லாத கார்

நம் மகளின் அம்மாவுக்கு,

கார் வந்துவிட்டது. "இந்த வயசுல ஸ்போர்ட்ஸ் காரா? யாரைத் துரத்தப் போறீங்க?" என்று கேட்டாயே, அதேதான். அதே சிவப்பு, இரண்டே இருக்கை.

ஆர்டர் கொடுத்த அன்று, தனியாகக் கேட்டால்தான் வைப்போம் என்று ஷோரூம் பெண் ஒரு பட்டியலை நீட்டினாள். உனக்குக் குளிர் ஆகாதே என்று ஹீட்டர் கேட்டேன். உன் பக்கமும் வெயில் மறைப்பு கேட்டேன். அது தானாக வராதாம். ரேடியோவை மட்டும் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். நீ பேசிக்கொண்டே வருவாய், நான் கேட்டுக்கொண்டே ஓட்டலாம் என்றுதான். இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. நான்தான் எதைச் சொன்னேன்?

கார் வர எட்டு மாதம் ஆனது. நீ மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம்.

தினமும் கடற்கரை வரை போய்வருகிறேன். இன்ஜின் சத்தம் மட்டும்தான் துணை. நேற்று ஷோரூமுக்குப் போய் ரேடியோ வைத்துத் தரச் சொன்னேன்.

"டேஷ்போர்டுல அதுக்கு இடமே விடலையே சார். அப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

அன்று நீ ஏறிய பஸ் கிளம்புகிற நேரத்தில், போகாதே என்று நான் வாயைத் திறந்தபோது, நீயும் இதைத்தான் சொன்னாய்.

இப்படிக்கு,
உன் டிரைவர்