சேலை மடிப்புக்கு நகம் இருக்குமா?

மதினி,

இன்று காலை இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உங்கள் தெருமுனைக்கு வந்ததுமே புது ஃப்ளெக்ஸ் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நிமிர்ந்தால் நீங்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஆள் உயரத்துக்கு உங்கள் படம், பின்னால் தாமரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் எழுதியிருந்தார்கள்: "வீடே கோயிலாய் வாழ்ந்த குலவிளக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? குத்துவிளக்குக்கு நடுவில் நின்று சிரித்த சிரிப்பா அது? உவரி கடற்கரையில், மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தது. வண்டியை வெட்டிவிட்டார்கள், கடலை வெட்டிவிட்டார்கள், பின்னால் இருந்த என்னையும் வெட்டிவிட்டார்கள். ஆனால் உங்கள் வலது தோளில் நாலு விரல் மட்டும் வெட்டுப்படாமல் தப்பி நின்றது. புறங்கையில் நான் சின்ன வயசில் ஆடிப்பூரத் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்ட ஆண்டாள் கிளியின் வாலும் கொஞ்சம் தெரிந்தது. தலையில்லாத கிளி.

வீட்டுக்குள் போனால் இதே படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாலையோடு நாற்காலியில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள்.

"ஏப்பா, அவ தோள்ல யாரு கை அது? பேய்க்கை மாதிரில்லா தொங்குது."

அண்ணன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையில்லக்கா. சேலை மடிப்பு."

"மடிப்புக்கு நகம் இருக்குமாய்யா?"

நாலு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்: "எங்கயும் போவணும்னு ஒரு நா வாயத் தொறந்து கேட்டதில்ல. கோயிலு, அத விட்டா எந்தங்கச்சி வீடு. அம்புட்டுதான் அவ ஒலகம்."

கேட்டதில்லையா மதினி? என் காதுபட எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்! "கடலோரமா ஒரு நா வண்டியில போயிட்டு வருவமா?" அதற்கு அண்ணன் வாயில் ஒரே வார்த்தைதான். பொறவு. மில்லில் லீவு விடட்டும், பொறவு. மகள் கல்யாணம் முடியட்டும், பொறவு. ஒருநாள் நீங்கள், "சரி, நா ஓட்டுதேன், நீங்க பின்னால இருங்க" என்று சொல்ல, அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். தளவாய்புரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர் மகள் நீங்கள். ரிப்பேர் பார்த்த வண்டியை எல்லாம் தெருவில் ஓட்டிப் பார்த்தவர். கல்யாணமாகி வந்த பிறகு பேண்டேஜ் கம்பெனிக்குக்கூட டவுன் பஸ்ஸில்தான் போனீர்கள். ஆனால் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்தீர்கள். எதுக்கு என்று கேட்டால், "கெடக்கட்டுமேட்டி" என்பீர்கள்.

போன வருஷம் ஆடியில் எங்கள் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இரண்டு நாள் தங்கி ஆண்டாளைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பை வைத்த கையோடு, "கன்னியாகுமரிக்குப் போறோம், கெளம்பு" என்றீர்கள். பொய் ஆகிவிடக் கூடாதே என்று உங்களை இழுத்துக்கொண்டு போய் முதலில் ஆண்டாளைப் பார்க்கவைத்த பிறகுதான் நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை கன்னியாகுமரியில் வாடகை வண்டிக் கடையில் நடந்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைக்காரர் ஸ்கூட்டியைக் காட்டினார். நீங்கள் கியர் வண்டி கேட்டீர்கள். அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"சாரு பின்னால வாராகளாம்மா?"

"வரல. இன்னைக்கு நாந்தான் சாரு. சாவியக் குடுங்க."

எனக்குச் சாவியெல்லாம் கவலையில்லை. வண்டியின் நம்பர் போர்டு கறுப்பு. "கறுப்புல மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி மதினி நல்ல காரியத்துக்குக் கெளம்ப?" என்று நான் நின்றுவிட்டேன். வாடகை வண்டி என்றால் கறுப்பில் மஞ்சள் எழுத்துதான் என்று கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. காருக்கு வைப்பது போல நாலு எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, பையிலிருந்த சந்தனத்தைக் குழைத்து முன்னும் பின்னும் போர்டில் அப்பி, குங்குமமும் வைத்த பிறகுதான் ஏறினேன்.

அஞ்சுகிராமம் தாண்டியதும் போலீஸ் கை காட்டியது.

"நம்பர் எங்கம்மா?"

"சந்தனத்துக்கு அடியில இருக்கு சார்," என்றேன் நான்.

நீங்கள் ஹெல்மெட்டுக்குள்ளே சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. கழுவச் சொன்னார்கள். சாமி குங்குமத்தை ரோட்டில் கழுவி விட்டால் மிதிபடுமே! என் முந்தானையால்தான் துடைத்தேன். அந்தக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை.

உங்கள் மகளுடைய பேண்ட்டைப் போட்டு, அதற்கு மேல் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நீங்கள் ஓட்டினீர்கள். ஒரு பக்கம் காற்றாலை, இன்னொரு பக்கம் பனைமரத்துக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. நான் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே வந்தேன், பயத்தில் பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் கத்தினீர்கள்: "ஏட்டி, முருகன் தூங்கட்டும், நீ கடலப் பாரு!"

உவரியில் சாமிக்கு வேண்டிக்கொண்டு, அந்தக் கோயில் வழக்கப்படி நான் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்து கொட்டிவிட்டு வந்தபோது நீங்கள் வண்டியில் இருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே மீன் விற்ற ஒரு அம்மாதான் உங்கள் போனை வாங்கி அந்தப் படத்தை எடுத்தாள். "பல்லு தெரியச் சிரிங்கம்மா, ஓசிதான்!" என்றாள். நான் பின்னால் ஏறி உங்கள் தோளைப் பிடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

திரும்பி வந்ததும் ஆண்டாள் சன்னதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஒங்கண்ணன்ட்ட மட்டுமில்ல, யார்ட்டயும் வாயத் தொறந்து சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் மதினி. அதையும் எழுதாமல் விடமாட்டேன். இப்படி ஒரு நாளை ஒளித்துவைக்கச் சொன்னீர்களே, யாருக்காக? உங்களுக்குப் பிறகு அந்தப் போனை எடுத்து, படத்தைப் பார்த்து, பார்த்த பிறகும் வெட்டச் சொல்லி, சபையில் "கேட்டதே இல்லை" என்று சொல்கிறவருக்காகவா?

சொன்னால் ஆண்டாள் முன்னால் செய்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் உங்கள் ஒரே ஒரு நாள் போகும். தீபாராதனை காட்டும் வரை இதே நினைப்புதான். அண்ணன் மறுபடியும், புதிதாக வந்த யாரிடமோ, "அவளுக்கு வெளிய போறதே பிடிக்காது" என்று ஆரம்பித்தார்.

எழுந்து போனேன். மாலையை ஒதுக்கிவிட்டு, படத்தில் உங்கள் தோளில் இருந்த நாலு விரல் மேல் என் விரலைப் பொருத்தி வைத்தேன். வால் மட்டும் இருந்த கிளிக்கு உடம்பு வந்தது, தலை வந்தது.

"அடி ஆத்தி, இவ கிளியில்லா இது!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"ஏட்டி, கைய எடு. எல்லாரும் பாக்காக," என்றார் அண்ணன்.

எடுக்கவில்லை. உங்கள் மகள் ஓடி வந்தாள். "அத்த, இது எங்க எடுத்தது? நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

நான் பதில் பேசாமல் இடது கையை நீட்டி அண்ணன் சட்டைப் பையைக் காட்டினேன். உங்கள் போன் அதில்தான் இருந்தது. மகள் எடுத்து, வெட்டாத படத்தைத் தேடிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வீடே அவளைச் சுற்றி நின்றது. யாரோ, "ஓட்டுறது யாரு, இவளா!" என்று கத்தினார்கள். உங்கள் மகள் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள். அண்ணன் பின்கட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். இருக்கவில்லை.

மதினி, நான் சத்தியத்தை மீறவில்லை. மூச்சுவிடாமல் பேசுகிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்தான் சத்தியம் பண்ணியது, கை பண்ணவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் விரல்கள் தானாக இறுகின, உங்கள் தோளைப் பிடித்த அதே பிடியில். கோபமும் அதே மாதிரிதான் இருக்கிறது. இரண்டையும் விட மாட்டேன்.