கூரைமேல் காய்ந்த தார்ப்பாய்

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், கூரையும் நலம். அங்கே மினியாபொலிஸில் நீயும் மாப்பிள்ளையும் பனியில் உறையாமல் இருக்கிறீர்களா? கூரையை ஏன் நலம் விசாரிப்பில் சேர்த்தேன் என்று கேட்பாய். இரண்டு மாதமாக இந்த வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு, போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடுவார் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கு வழக்கம்போல நம் வீட்டில்தான் கிராஃபிஷ் இறால் அவித்தோம். அறுபது பேர் சாப்பிட்டு இறால் ஓட்டைத் துப்பிய நீலத் தார்ப்பாயை மறுநாள் அலசி, கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் காயப்போட்டார் உன் அப்பா. கொடியில் போடுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே? அன்றைக்கென்று பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் விமானத்தில் பறந்து வீடுகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரைப் பக்கம் கூரைமேல் நீலத் தார்ப்பாய் தெரிந்தால் புயல் கூரையைப் பிய்த்துவிட்டது என்றுதானே அர்த்தம்? முப்பது நாளில் பாலிசி ரத்து என்று கடிதம் வந்துவிட்டது. முந்தைய இரண்டு கம்பெனிகளும் போன புயலோடு திவாலாகி, கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்த மூன்றாவது கம்பெனி இது. இதுவும் போனால், வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தூண்மேல் ஏற்றக் கடன் கொடுத்த பேங்க் தானே ஒரு பாலிசி எடுத்து மூன்று மடங்கு விலையை நம் தலையில் கட்டும். அதைக் கட்ட முடியாது, வீட்டை விடவேண்டியதுதான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உன் அப்பா ஏஜென்ட் ரோலனைக் கூப்பிட்டு, "அது கூரைக்குப் போட்ட பாய் இல்ல தம்பி, கிராஃபிஷுக்குப் போட்ட பாய், வேணும்னா மோந்து பாக்கச் சொல்லு" என்றார். அவன் பாவம், "கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாதுங்க, ஒரு போட்டோ அனுப்புங்க" என்றான். இவர் கூரையைப் பெருக்கி, துடைப்பத்தைத் தோளில் சாய்த்து நின்று, "ம், எடு" என்றார். நானும் எடுத்தேன். அவரை விட்டுவிட்டு எடுக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கூரையில் ஆள் வேலை செய்கிறார், ஆகவே சேதம் உறுதி என்று பதில் வந்தது. நாற்பது வருடமாக நான் வேலை செய்யச் சொல்லியும் செய்யாத மனிதரைப் பார்த்து இப்படி எழுதிவிட்டார்களே என்று அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டேன். அவருக்குத்தான் கோபம்.

கடைசியில் ஒஹையோவிலிருந்து ஓர் ஆய்வாளர் பையனை அனுப்பினார்கள். பெரிய சட்டியில் கம்போ குழம்பு வைத்தேன். லஞ்சம் என்று நினைக்காதே, பசியோடு வந்தவன் கண்ணுக்கு ஓட்டை அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். ஏணியில் நடுங்கிக்கொண்டே ஏறி இறங்கி, "கூரை கல்லு மாதிரி இருக்கும்மா" என்றான். நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் கம்போவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, போனில் எதையோ தட்டி, போன தடவை கம்பெனி அளந்தபோது கடல் நாலு மைல் தள்ளி இருந்தது, இப்போது மூன்றுகூட இல்லை என்றான். "வீடு இருந்த எடத்துலதான்யா இருக்கு, நகர்றது அது, பிரீமியத்த அதுகிட்ட வாங்கு" என்றார் உன் அப்பா. பையன் சிரித்தான். கம்பெனி சிரிக்கவில்லை. பாலிசியைப் புதுப்பித்தார்கள், பிரீமியத்தை ஒன்றரை மடங்காக ஏற்றிவிட்டார்கள். உன் கல்யாணச் செலவைவிட அதிகம். வருடா வருடம் உனக்குக் கல்யாணம் செய்துவைக்கிற மாதிரி இருக்கிறதாம், விருந்து மட்டும் கிடையாதாம், அதையும் அவர்தான் சொன்னார். இறால் படகின் பழைய இன்ஜினை விற்றுக் கட்டிவிட்டோம்.

இந்த வருடம் தப்பித்தோம். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. புயல் வந்தால் டிவியில் மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள், தபால்காரர்தான் சொல்லாமல் வருகிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று நீ கூப்பிடும்போதெல்லாம் உன் ஊரைக் கேலி செய்து பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை கேலி வரவில்லை, மகளே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் வாழவேண்டும், மாதா துணை இருப்பாள். ஒன்றை மறக்காதே. போன ஞாயிறு உன் அப்பா எனக்குத் தெரியாமல் கொட்டகைக்குப் போய் உனக்குப் போன் செய்து, உன் கார் ஷெட்டில் சின்னப் படகு நிற்குமா என்று கேட்டார் அல்லவா? கேட்டது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே, உடைந்துபோவார். ஷெட்டை மட்டும் அளந்து வை. படகு பதினாறு அடி என்று சொல்லியிருப்பார், பதினெட்டு.

உன் அம்மா,
எலோடி