தொண்டையார்பேட்டைப் பல்சக்கரம்

1917 ஜனவரி 9
மூன்றாவது சக்கரமும் பொருந்தவில்லை. மணலி எண்ணெய் மில்லில் பல் உடைந்த இங்கிலீஷ் சக்கரம். உடைந்த பல்லை மரத்தில் செதுக்கி ஒட்டி, அதையே மணலில் பதித்து அச்செடுத்து வார்த்தோம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். மாட்டினால் பல்லோடு பல் சேரவில்லை. கடைசல் பிடிக்கும் யேசுதாஸ் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஐரோப்பாச் சண்டையால் கப்பலில் சாமான் வருவதில்லை. அதனால்தான் வண்ணாரப்பேட்டை இரும்புக் கடை அத்தாவுல்லா பாய் என்னைத் தேடி வந்தார். இல்லாவிட்டால் அடுப்புக் கம்பி வார்க்கிற என் பட்டறை அவர் கண்ணில் பட்டிருக்குமா?

ஜனவரி 11
கோளாறு தெரிந்துவிட்டது. சொன்னது மணல் பிசையும் கன்னியம்மா.

"பணியாரம் ஆறினா குழிய வுட்டுக் கயண்டுக்கினு வருதில்ல? இரும்பும் அப்டித்தான் கீது நைனா."

ஆறும்போது இரும்பு சுருங்குகிறது. அசலையே அச்சாக்கினால் நகல் சின்னதாகத்தானே வரும்? மெட்ரிகுலேஷன் படித்த எனக்குத் தோன்றவில்லை. இனி மரத்தில் சற்றுப் பெரிதாகச் செதுக்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிதாக — வார்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிப்ரவரி 20
ஓடுகிறது. பதினாலாவது சக்கரம் ஓடுகிறது.

1918 மார்ச் 3
இப்போது பதினெட்டுப் பேர் வேலை செய்கிறோம். பாய் கடையில் இன்று ஒரே விவாதம். தேசம் முன்னேற மூலதனம் வேண்டும் என்றார் ஒருவர். நிலக்கரி வேண்டும் என்றார் இன்னொருவர். எனக்கு வேறு தோன்றியது. கையும் இரும்பும் நம்மிடம் முன்பும் இருந்தனவே. பதிமூன்று சக்கரத்தைக் கெடுத்தோம். கெடுத்துக் கற்றுக்கொள்ளும்வரை பாய் காத்திருந்தார். வேறு வழியில்லாமல்தான் — ஆனாலும் காத்திருந்தார்.

நவம்பர் 12
சண்டை ஓய்ந்ததாம். ராயபுரம் முழுக்க வெடிச்சத்தம். யேசுதாஸின் தம்பி பட்டாளத்திலிருந்து உயிரோடு வரப்போகிறான். யேசுதாஸ் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ, கப்பல் வந்துடுமே. சீ, நான் என்ன மனுஷன்.

1919 செப்டம்பர் 6
பாய் நேரிலேயே வந்துவிட்டார். இங்கிலீஷ் சக்கரம் நம் விலையில் பாதிக்கு வருகிறதாம். இரண்டு வருஷம் பொறுத்தால் நானும் விலையை இறக்கிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன்.

"வாங்குறவன் இங்கிலீஷ் முத்திரையைக் கேக்குறான், அப்பாவு. நான் என்ன செய்யட்டும்?"

அவர்மேல் கோபமில்லை. அவரும் கடை நடத்த வேண்டும். வருகிற சாமானுக்குச் சர்க்கார் தீர்வை போடலாம். ஆனால் சர்க்கார் யாருடையது, கப்பல் யாருடையது?

டிசம்பர் 1
உலையை அணைத்தோம். யேசுதாஸுக்குப் பெரம்பூர் ரயில் பட்டறையில் இடம் கிடைத்துவிட்டது. கன்னியம்மாவுக்கு அப்படி எதுவும் அமையவில்லை; நான் போகச் சொல்லுமுன் அவளே முக்காட்டை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

1920 மார்ச் 18
பட்டறை இப்போது பாயின் கிடங்கு. நான் அதற்குக் குமாஸ்தா.

இன்று துறைமுகத்திலிருந்து நாற்பது பெட்டி இங்கிலீஷ் சக்கரம் வந்தது. சுமந்து வந்தவர்களில் கன்னியம்மாவும் இருந்தாள். திறந்த பெட்டியில் ஒரு சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"பல்லாண்ட ஓட்டை கீது நைனா. இத்த நாம வித்திருப்போமா?"

பல்லின் அடியில், வார்க்கும்போது காற்றுத் தங்கிய ஓட்டை. வேலை ஏறினால் அந்தப் பல் நிற்காது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் சாமானில் அப்படி வராது என்றார்.

பெட்டியை மூடி ஆணி அடித்தேன்.