எரியும் கோட்டை போட்ட அட்டை

தம்பி,

இன்றைக்குக் கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சீடி கடையில் உன் கிட்டார் அலறிக்கொண்டிருந்தது. மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ வாசித்த அந்த ஹெவி மெட்டல் பாட்டு ஆல்பத்தை மறுபடி போட்டிருக்கிறார்களாம். நாலாவது பாட்டு. பதினோரு நிமிஷம் ஓடும், தாளம் மூன்று தடவை மாறும், நடுவில் உன் விரல் பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்கும். யார் வாசிக்கிறது என்று கடைப் பையனிடம் கேட்டேன். அந்தக் கொழும்புக்காரன் பேரைச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கடையையே கொளுத்தியிருப்பேன்.

அவன் வாசித்தானாமே! அவன் என்னத்தைக் கிழித்தான்? மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் வானத்தைத் திட்டும்போது நீ மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டாரை எடுப்பாய். வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ வயலினுக்கு எழுதிய மெட்டு மாதிரி ஒன்று, கரண்டு கிட்டாரில், தலைதெறிக்கிற வேகத்தில். "நாசமாப் போறவனே, காது கிழியுதுடா!" என்று கத்துவேன். "இன்னும் ஒரு தரந்தான்க்கா" என்பாய். அந்த ஒரு தரம் சாயங்காலம் வரைக்கும் போகும்.

ஒரு கல்யாண வீட்டில் நீ வாசித்ததைக் கேட்டுத்தான் அந்த மெட்டல் கோஷ்டிப் பையன்கள் கொழும்பு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். நாலு நாள் உன் மரங்களிலும் சேர்த்து நானே பால் வெட்டினேன். தோள் கழன்றுவிட்டது. திரும்பி வந்து அட்டைப் படத்தைக் காட்டினாய். ஒரு வாள், எரிகிற கோட்டை. "இதுல என் பேரு வருதுக்கா" என்றாய். அப்படி ஒரு முகத்தை நான் உன்னிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சண்டைக் காலம். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு தமிழ்ப் பையன்களை அப்போதுதான் ஆமிக்காரர்கள் விசாரணைக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். வாளும் நெருப்பும் போட்ட அட்டையில் தமிழ்ப் பேரா? "வேணாம்டா. பேரை எடுக்கச் சொல்லு" என்றேன். "சரிக்கா" என்றாய். அந்தக் கொழும்புக்காரப் பயல் சந்தோஷமாகத் தன் பேரையே போட்டுக்கொண்டான்.

ஏன்டா சரி என்றாய்? குழம்பில் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன், அதற்கு மட்டும் ஏன் வாயை மூடினாய்? அடுத்த மழைக்கே எலிக்காய்ச்சல் வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். என்னை ஒரு வார்த்தை திட்டாமலே போய்விட்டாய். இத்தனை வருஷம் அந்தக் கொழும்புக்காரனையே திட்டி ஓட்டிவிட்டேன். பேரை எடுக்கச் சொன்னது அவன் இல்லை, நான்.

கடையில் மூன்று சீடி இருந்தது. பையனின் பேனாவைப் பிடுங்கி, மூன்று அட்டையிலும் கொழும்புக்காரன் பேரை அடித்துவிட்டு உன் பேரை எழுதினேன். அப்பா பேரோடு, தமிழில். "ஏய், ஏய்!" என்று கடைப் பையன் பாய்ந்து வந்தான். ஆட்கள் கூடிவிட்டார்கள். இது யார் பேர் என்று சிங்களத்தில் அதட்டினான். சண்டைதான் முடிந்துவிட்டதே, ஆனாலும் பழைய பயம் வந்துவிட்டது. "மகே மல்லி" என்றேன், என் தம்பி என்று, அந்தப் பாட்டை விடச் சத்தமாக.

அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லைடா. அதை வைத்துக்கொண்டேதான் எழுதினேன்.